உண்மையான வாக்கியம் மட்டும்

நவம்பர் 4, திங்கள்

இந்த ஹாஸ்டலில் தமிழில் பேசக் கூடாது. எழுதக் கூடாது என்று யாரும் சொல்லவில்லை. எழுதுவோம் என்று அவர்களுக்குத் தோன்றியிருக்காது. பழைய ரஃப் நோட்டின் நடுப்பக்கங்களில் எழுதுகிறேன். வராந்தா விளக்கு என் கட்டிலின் கால்மாட்டில் மட்டும் விழுகிறது. அதனால் தலையணையைத் திருப்பிப் போட்டுப் படுக்கிறேன். யாராவது கேட்டால் ஃபேன் காற்று ஆகவில்லை என்று சொல்ல வேண்டும்.

எங்கள் அறையில் நான்கு பேர். நான், இசக்கிப்ரியா, யோகலட்சுமி, நித்யகலா. எல்லோரும் ப்ளஸ் ஒன். இந்த நாலு பேரில் ஒருத்தி எங்களைப் போட்டுக்கொடுக்கிறாள்.

யோகா தன் பக்கெட்டில், அழுக்குத் துணிக்கு அடியில், எலுமிச்சை ஊறுகாய் பாட்டில் வைத்திருந்தாள். வார்டன் வேறு எங்கும் தேடவில்லை, நேராக அந்தப் பக்கெட்டில் கைவிட்டார். யோகாவும் இசக்கியும் சோப்புக்காகச் சண்டை போட்டது அறைக்குள் நடந்தது. மறுநாள் பிரேயரில் வார்டன் இருவரையும் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, தோழிகள் எப்படி இருக்க வேண்டும் என்று புத்தி சொன்னார்.

தாயத்து இப்போது யோகாவிடம் இருக்கிறது. தாயத்து என்பது நாங்கள் வைத்த பெயர். சிவப்புக் கயிற்றில் தொங்கும் மஞ்சள் அட்டை. 'நான் தமிழில் பேசினேன்' என்று இங்கிலீஷில் அச்சடித்திருக்கும். தமிழில் பேசி மாட்டிக்கொண்டவள் அதைக் கழுத்தில் போட்டுக்கொள்ள வேண்டும். வேறொருத்தி தமிழில் பேசுவதைக் காதால் கேட்டால் அவள் கழுத்தில் மாற்றிவிடலாம். அதனால் தாயத்து போட்டவள் பக்கத்தில் வந்தாலே எல்லோரும் வாயை மூடிக்கொள்வார்கள். இரவுச் சாப்பாட்டின்போது அது யார் கழுத்தில் இருக்கிறதோ அவள் அந்த மேசையின் தட்டுகளையெல்லாம் கழுவ வேண்டும்.

நவம்பர் 5, செவ்வாய்

நித்யா இன்றும் மாத்திரைக்காக வார்டன் அறைக்குப் போனாள். ஒரு இரும்புச்சத்து மாத்திரை விழுங்க இவ்வளவு நேரமா?

நவம்பர் 7, வியாழன்

மழை. துணி எதுவும் காயவில்லை. ஈர யூனிஃபார்மோடு வகுப்பில் உட்கார்ந்திருந்தேன்.

சம்யுக்தா மிஸ் இந்த மாதம் முழுவதும் ஃப்ரேசல் வெர்ப் நடத்துகிறார். உறவுகளைப் பற்றியும் மனிதர்களோடு பழகுவதைப் பற்றியும் உள்ளவை மட்டும். கெட் அலாங் என்றால் ஒத்துப்போவது. ஃபால் அவுட் என்றால் சண்டை போட்டு முகம் கொடுக்காமல் இருப்பது. மேக் அப் என்றால் மறுபடி ராசியாவது. யோகா பவுடர் பூசுவதுபோல் கன்னத்தைத் தட்டிக் காட்டினாள், எல்லோரும் சிரித்தோம். டெல் ஆன் என்றால் கோள் சொல்வது. அப்போது யாரும் சிரிக்கவில்லை. நான் நித்யாவைப் பார்த்தேன். அவள் குனிந்து எழுதிக்கொண்டிருந்தாள். அவ்வளவு வேகமாக எழுத அதில் என்ன இருக்கிறது?

ஒவ்வொரு சனிக்கிழமையும் பேச்சுத் தேர்வு. மிஸ் ஒவ்வொருத்தியாகக் கூப்பிட்டு எதிரே உட்காரவைப்பார். ஐந்து வெர்ப், ஐந்து வாக்கியம். கற்பனையாகச் சொல்லக் கூடாது. உண்மையான மனிதர்களைப் பற்றி உண்மையான வாக்கியம் சொல்ல வேண்டும். அப்போதுதான் மொழி நாக்கில் ஒட்டுமாம். மிஸ் சென்னைக்காரர். எங்களை 'டியர்' என்று கூப்பிடுகிற ஒரே ஆள். அவர் தமிழ் பேசி நாங்கள் கேட்டதில்லை.

எனக்குப் பயம் ஊறுகாய்க்காக இல்லை. இசக்கிக்காக.

இசக்கிக்கு வடிவு என்று ஓர் அக்கா. போன வருடம் வேறு சாதிப் பையனைக் கல்யாணம் செய்துகொண்டு வீட்டைவிட்டுப் போய்விட்டாள். இசக்கியின் அப்பாவும் சித்தப்பாக்களும் கார் எடுத்துக்கொண்டு இன்னும் தேடுகிறார்கள். கண்டுபிடித்தால் என்ன செய்வார்கள் என்று ஒரு தடவை இசக்கியிடம் கேட்டேன். "அதக் கேக்காதட்டி" என்றாள். அக்கா மாதிரி இவளும் ஆகிவிடக் கூடாதென்றுதான் திருநெல்வேலியிலிருந்து இவ்வளவு தள்ளி, இந்த நாமக்கல் பக்கத்தில் கொண்டுவந்து சேர்த்தார்கள். அந்த அக்கா கரூரில் பெட்ஷீட் கம்பெனியில் தையல் வேலைக்கு வந்து சேர்ந்தது அவர்களுக்குத் தெரியாது.

மாதத்தில் இரண்டாவது, நான்காவது ஞாயிறு பார்வையாளர் நாள். அம்மாவின் பாஸில் 'உடன் ஒருவர்' என்று இருக்கிறது. என் அம்மா ஆத்தூரில் ஜவ்வரிசி செய்யும் சேகோ ஃபேக்டரியில் வேலை பார்க்கிறாள். அவள் என்னைப் பார்க்க வரும்போது வடிவு அக்காவையும் என் சித்தி என்று சொல்லிக் கூட்டிவருகிறாள். ஏன் இப்படிச் செய்கிறாய் என்று நான் அம்மாவைக் கேட்டதில்லை. இசக்கியும் நானும் தவிர இது இங்கே யாருக்கும் தெரியாது.

நவம்பர் 9, சனி

பேச்சுத் தேர்வு. ஐந்துக்கு மூன்று. "அம்மாவோடு ஒத்துப்போகிறேன்" மாதிரி வாக்கியங்கள் தட்டையாக இருக்கின்றனவாம். "நிஜமாக நடந்ததைச் சொல், டியர். எங்கே, எப்போது, யாரோடு?" என்றார். நித்யாவுக்கு ஐந்து. இசக்கிக்கும் ஐந்து. எட்டாம் வகுப்பு வரை தமிழ் மீடியத்தில் படித்த இசக்கிக்கு!

தேர்வு முடிந்ததும் மிஸ் வழக்கம்போல வார்டன் அறையில் டீ குடிக்கப் போனார். நித்யாவும் மாத்திரைக்காக அங்கேதான் போனாள்.

நவம்பர் 10, ஞாயிறு

வந்தார்கள். புங்க மரத்தடியில் உட்கார்ந்து சாப்பிட்டோம். அக்கா முந்தானையை முன்னால் இழுத்துவிட்டிருந்தாள். வயிறு தெரியவில்லை என்று அவளாக நினைத்துக்கொண்டிருந்தாள்.

"ஏழு மாசம். ஒரு வளையல் போட ஆளில்ல பாரு இவளுக்கு" என்றாள் அம்மா. "வர்ற வெள்ளி விட்டு அடுத்த வெள்ளி நல்ல நாள். நானே போட்டுடறேன்."

"அதெல்லாம் எதுக்குக்கா" என்றாள் வடிவு அக்கா.

"எதுக்கா? பிறக்கப்போற புள்ளைக்கு வளையல் சத்தம் கேக்க வேண்டாமா? நீ சும்மா இரு."

இசக்கி அக்காவின் மடியில் தலை வைக்க முடியாமல் தோளில் வைத்துக்கொண்டாள். என் சித்தியின் தோளில் இவள் ஏன் சாய்கிறாள் என்று யாராவது கேட்டால்? வாட்ச்மேன் மூன்று தடவை எங்கள் பக்கம் பார்த்தார். கோள் சொல்வது வாட்ச்மேனாகவும் இருக்கலாம்.

நவம்பர் 13, புதன்

இன்று யோகா மதியம் சாப்பிடவில்லை.

மெஸ் வரிசையில் வார்டன் அவளை நிறுத்தினார். "உங்கப்பா துபாய்ல இருக்காருன்னு ஃபார்ம்ல எழுதியிருக்க. அப்பாவும் அம்மாவும் ஸ்ப்ளிட் அப் ஆயிட்டாங்களாமே? பொய் எதுக்கு?" வரிசை முழுவதும் கேட்டுக்கொண்டிருந்தது. வார்டன் தமிழில் பேசலாம். அவருக்குத் தாயத்து கிடையாது.

யோகா அதை எங்கள் மூன்று பேரிடம் மட்டும்தான் சொல்லியிருந்தாள். மொட்டைமாடியில் துணி உலர்த்தும் இடத்தில் அழுதாள். "எவடி சொன்னது? எங்கம்மா மேல சத்தியமா அவ நாசமாப் போவா."

"தினமும் வார்டன் ரூமுக்குப் போறது யாரு?" என்று நான் கேட்டேன். பெயரைச் சொல்லவில்லை. சொல்ல வேண்டியிருக்கவில்லை.

நித்யாவோடு யாரும் பேசுவதில்லை என்று முடிவாகிவிட்டது. இங்கிலீஷிலும் கிடையாது.

நவம்பர் 16, சனி

ஐந்துக்கு ஐந்து! கடைசியில் ஒரே வாக்கியத்தில் இரண்டு ஃப்ரேசல் வெர்ப் வைத்துச் சொன்னேன். வகுப்பில் யாரும் இதுவரை செய்ததில்லை. மிஸ் பேனாவை மூடி வைத்துவிட்டு, "பியூட்டிஃபுல், டியர்" என்றார். எங்கே, எப்போது, யாரோடு என்று கேட்டார். எல்லாவற்றுக்கும் தடுமாறாமல் பதில் சொன்னேன். இவ்வளவு நேரம் நான் இங்கிலீஷில் பேசியதே இல்லை. வேறு யாரோ பேசுவதுபோல் இருந்தது.

நித்யா கழுத்தில் மூன்று நாளாகத் தாயத்து. பாத்ரூமில் வழுக்கி விழுந்தபோது "அம்மா" என்று கத்திவிட்டாள், யோகா போட்டுவிட்டாள். அவள் பக்கத்தில் யாரும் வாயே திறப்பதில்லை, பிறகு யாருக்கு மாற்றிவிடுவாள்? தினமும் தட்டு கழுவுகிறாள். நன்றாகக் கழுவட்டும்.

நவம்பர் 19, செவ்வாய்

எழுத்து சரியாக வரவில்லை.

இசக்கியின் அப்பா வந்திருந்தார். செவ்வாய்க்கிழமை யாரையும் உள்ளே விட மாட்டார்கள், அவரை விட்டிருக்கிறார்கள். இசக்கியோடு என்னையும் ஆபீசுக்குக் கூப்பிட்டார்கள். வெள்ளை வேட்டி, சட்டைப் பையில் இரண்டு போன். மேசைமேல் அல்வா டப்பா.

"நீதான் வதனியா? வா புள்ள, உக்காரு. எம் மவ ஒன்னப் பத்தித்தான் எப்பவும் சொல்லுவா."

இசக்கி என்னைப் பற்றி வீட்டில் சொன்னதே இல்லை.

"நீ இங்கிலீஷ் நல்லாப் பேசுதியாமே. ஒங்கம்மாவுக்கு எந்த ஊரு?"

வார்டன் ரெஜிஸ்டரைப் பார்க்காமலேயே "ஆத்தூர்" என்றார்.

"ஆத்தூரா. நல்ல ஊரு. அல்வா எடுத்துக்கோ புள்ள. ஞாயித்துக்கெழம வாரேன், ஒங்கம்மாவப் பாக்கணும். கூட ஒரு சித்தி வருவாகளாமே, அவுகளையும் பாக்கணும்." அவர் சிரித்துக்கொண்டேதான் சொன்னார். இசக்கியிடம் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. போகும்போது அவள் தலையைத் தடவினார். அவள் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டாள்.

வெளியே வந்ததும் இசக்கி சொன்னாள், "ஒனக்கும் எனக்கும் மட்டும்தானட்டி தெரியும்."

நித்யாவுக்கும் தெரிந்திருக்கும் என்றேன். அவள் கட்டில் ஜன்னலோரம். நாங்கள் பேசியது கேட்டிருக்கும். கேட்டிருக்கத்தான் வேண்டும்.

நவம்பர் 20, புதன்

அல்வாவை இசக்கி கக்கூஸில் கொட்டினாள். டப்பாவைக் கழுவி வைத்தேன். ஏன் கழுவினேன் என்று தெரியவில்லை.

நவம்பர் 21, வியாழன்

மாலையில் மாடிக்குப் போனேன். நித்யா தனியாகத் துணி எடுத்துக்கொண்டிருந்தாள். நான் தமிழில்தான் கேட்டேன்.

"ஏன்டி இப்படிப் பண்ணின? அவங்க அக்காவைக் கொன்னுடுவாங்கடி."

அவள் தாயத்தைக் கழற்றினாள். என் கிட்டே வந்து என் கழுத்தில் போட்டாள். கயிறு அவள் வியர்வையில் ஈரமாக இருந்தது.

"நீ தமிழ் பேசிட்ட புள்ள. எட்டு நாளாச்சு, ஒருத்தியாவது எங்கிட்டப் பேசுவீங்களான்னு பாத்துட்டே இருந்தேன்."

பிறகு துணிக்கொடியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நித்யா கோபிச்செட்டிபாளையத்துப் பெண், அவள் கோபப்பட்டாலும் பாடுவதுபோல்தான் இருக்கும். "எந்த அக்கா, என்ன அக்கான்னு எனக்கு ஒண்ணுந் தெரியாது. வார்டன்கிட்ட நான் ஒரு வார்த்த பேசுனதில்ல. மாத்திரையப் போட்டுட்டு, வாயத் தொறந்து காட்டோணும், முழுங்கிட்டனான்னு. அவ்வளவுதான். ஆனா யோகா விசயம்..."

"என்ன?"

"ஸ்ப்ளிட் அப் வந்துச்சு எனக்கு, டெஸ்ட்ல. நிசமான வாக்கியம் சொல்லோணும்னாங்க. எனக்கு வேற யாரையும் தெரியல புள்ள. மிஸ்தானேன்னு சொன்னேன். இங்கிலீஷ்ல சொல்றப்ப அது கோள் மாதிரியே தெரியல." என்னைப் பார்த்தாள். "உனக்கு என்ன வெர்ப் வந்துச்சு?"

நான் இறங்கி வந்துவிட்டேன். இரவு தட்டு கழுவினேன். எனக்கு வந்த வெர்ப் ரன் அவே. மீட் அப் வித்தை நானாகச் சேர்த்துக்கொண்டேன்.

நவம்பர் 22, வெள்ளி

இசக்கியிடம் சொல்லிவிட்டேன். மாடியில், தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால். அந்த வாக்கியத்தை அப்படியே சொன்னேன். என் தோழி, வீட்டைவிட்டு ஓடிப்போன தன் அக்காவை ஞாயிற்றுக்கிழமைகளில் சந்திக்கிறாள். எங்கே? இங்கேதான், மிஸ். யாரோடு வருகிறாள்? என் அம்மாவோடு. எந்த ஊரிலிருந்து? கரூர்.

அடிப்பாள் என்று நினைத்தேன். அவள் தொட்டியின் சுவரை நகத்தால் சுரண்டிக்கொண்டே இருந்தாள்.

"நானும் சொன்னேன்ட்டி" என்றாள். "போன வாரத்துக்கு முந்தின வாரம். லுக் ஃபார்வர்ட் டு. எங்க அக்கா பிள்ளையப் பாக்கறதுக்கு ஆசையா இருக்குன்னு சொன்னேன். எத்தன மாசம்னு கேட்டாவ. இன்னும் ரெண்டு மாசத்துல பொறந்திரும்னு விரல விட்டு எண்ணிக் காட்டுனேன். சந்தோசமாச் சொன்னேன். அக்காவப் பத்தி சத்தமா பேச எனக்கு வேற எங்க எடம் இருக்கு?"

மழை பிடித்துக்கொண்டது. நாங்கள் எழுந்திருக்கவில்லை. என் அம்மா இன்று அக்காவுக்கு வளையல் போட்டிருப்பாளா என்று இசக்கி கேட்டாள்.

அப்புறம் அவள்தான் கேட்டாள். "நாளைக்கும் டெஸ்ட் உண்டுல்லா?"

நவம்பர் 23, சனி

இரவெல்லாம் போர்வைக்குள் ஐந்து வாக்கியங்களைத் திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்த்தேன். மிஸ்ஸின் எதிரே உட்கார்ந்தபோது தாயத்து என் கழுத்தில் இருந்தது.

முதல் நான்கும் சாதாரணமானவை. ஐந்தாவதற்கு மிஸ் கால் ஆஃப் கொடுத்தார். நிச்சயித்த ஒன்றை நிறுத்திவிடுவது. எனக்கென்றே கொடுத்ததுபோல் இருந்தது. வேண்டுமென்றே கொடுத்தாரா? யோசிக்க நேரமில்லை.

என் தோழியின் அக்கா நாளை வருவதை நிறுத்திவிட்டாள் என்று சொன்னேன். என் அம்மாவோடு சண்டை போட்டுவிட்டாள். இனி வர மாட்டாள்.

"எங்கே போய்விட்டாள், டியர்?"

ஓசூர். கணவருக்கு அங்கே வேலை கிடைத்துவிட்டது. செட்டில் டவுன் ஆகப்போகிறார்கள். பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் வீடு. நாளை பால் காய்ச்சுகிறார்கள். பால் காய்ச்சுவதை இங்கிலீஷில் எப்படிச் சொல்வதென்று தெரியாமல் 'மில்க் பாயிலிங்' என்றேன். மிஸ் திருத்தவில்லை. என் இங்கிலீஷ் ஒரு இடத்தில்கூடத் தடுக்கவில்லை. பொய் சொல்லும்போது இன்னும் நன்றாக வருகிறது.

மிஸ் எழுதிக்கொண்டே இருந்தார். பிறகு பேனாவை நிறுத்தி, தலையை நிமிர்த்தாமல், தமிழில் கேட்டார்.

"அந்தப் பொண்ணு நல்லா இருக்கால்ல?"

மிஸ் குரல் தமிழில் வேறு மாதிரி இருந்தது, எங்கள் தெருவில் தண்ணீர் பிடிக்கிற அக்காக்களின் குரல்போல. அவருக்கே எதுவும் தெரியாமல் டீ குடிக்கும்போது பேச்சுவாக்கில் சொல்லிவிட்டாரோ? அல்லது தமிழில் கேட்டால் நான் தமிழில் உண்மையைச் சொல்லிவிடுவேன் என்றா? எப்படிக் கண்டுபிடிப்பது?

"ஐ டோன்ட் நோ, மிஸ்" என்றேன்.

மிஸ் கை நீட்டி என் கழுத்திலிருந்த தாயத்தைக் கழற்றினார். தமிழில் பேசியவர் அவர்தானே. அதைத் தன் கைப்பைக்குள் போட்டு ஜிப்பை இழுத்தார். ஐந்துக்கு ஐந்து போட்டார். அடுத்த பெண்ணைக் கூப்பிடச் சொன்னார். பிறகு டீ குடிக்கப் போனார்.

சாயங்காலம் வாராந்திர போன். வீட்டாரோடு தமிழில் பேசலாம், ஆனால் வார்டன் ஸ்பீக்கரில்தான் போடுவார். "அம்மா, நாளைக்கு நீ மட்டும் வாம்மா. சித்திதான் உங்கூட சண்டையாச்சே."

ஃபேக்டரி மிஷின் சத்தம் மட்டும் கேட்டது. வார்டன் போனையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஆமா கண்ணு" என்றாள் அம்மா. "அவ பேச்சையே எடுக்காத எங்கிட்ட. திமிரு புடிச்சவ."

என் அம்மா நாலாவது வரைதான் படித்திருக்கிறாள்.

நவம்பர் 24, ஞாயிறு

இசக்கியின் அப்பா வரவில்லை. காலையிலிருந்து கேட்டையே பார்த்துக்கொண்டிருந்தோம். பதினொரு மணிக்கு வார்டன் வந்து இசக்கியிடம், "உங்கப்பா ஒரு வேலையா ஓசூர் பக்கம் போயிட்டாராம், இன்னைக்கு வரலை" என்றார். எங்கள் முகத்தையே உற்றுப் பார்த்தார். நாங்கள் "ஓகே, மேடம்" என்றோம்.

இனி அறையில் யாரையும் சந்தேகப்பட வேண்டியதில்லை. எல்லாம் தெரிந்துவிட்டது. ஆனாலும் எனக்குப் பயம் குறையவில்லை. ஓசூரில் யாரும் இல்லை என்று எவ்வளவு நேரத்தில் தெரிந்துகொள்வார்கள்?

அம்மா தனியாக வந்தாள். நித்யாவையும் யோகாவையும் எங்களோடு மரத்தடியில் உட்காரக் கூப்பிட்டேன். யோகா நித்யாவைப் பார்க்காமல் அவள் தட்டில் ஒரு வடையை வைத்தாள். அவர்கள் இருவரும் கை கழுவப் போனதும் அம்மா எலுமிச்சை சாத டப்பாவின் அடியிலிருந்து காகிதச் சுருள் ஒன்றை எடுத்து இசக்கியின் பாவாடை மடிப்பில் வைத்தாள். உள்ளே கண்ணாடி வளையல்கள். இரண்டு பச்சை, இரண்டு சிவப்பு. வளைகாப்புக்கு வந்தவர்களுக்குக் கொடுப்பது.

"உன் பங்கு சாமி. வர முடியாதவங்களுக்கும் பங்கு உண்டு."

ஹாஸ்டலில் கண்ணாடி வளையல் போடக் கூடாது. இசக்கி அவற்றை ஒன்றோடொன்று படாமல் பிடித்துக்கொண்டாள், சத்தம் கேட்டுவிடும் என்று. "அக்கா எங்க இருக்கா, அத்த? கரூர்லதானா?"

"எனக்கென்ன தெரியும்" என்றாள் அம்மா. டப்பாவை மூடினாள், திறந்தாள், மறுபடி மூடினாள். அவள் வலது கையிலும் அதே பச்சை, அதே சிவப்பு. முழங்கை வரை இழுத்துவிட்டிருந்த ரவிக்கைக் கைக்குக் கீழே ஒரு துளி சந்தனம் காய்ந்திருந்தது.

இசக்கி என் தொடையைக் கிள்ளினாள். நான் கேட்டால் அம்மா சொல்லிவிடுவாள் என்று அவளுக்குத் தெரியும். அம்மாவும் என்னைப் பார்த்தாள்.

நான் கேட்கவில்லை. "சாதத்துல உப்பு கம்மிம்மா" என்றேன்.

இசக்கி வளையல்களைச் சாக்ஸுக்குள் சுற்றித் தலையணை உறைக்குள் வைத்திருக்கிறாள். இப்போது அவள் புரண்டு படுக்கும்போது மெதுவாக ஒரு சத்தம் வருகிறது. எனக்கு மட்டும்தான் கேட்கும் என்று நினைக்கிறேன்.

அடுத்த சனிக்கிழமைக்கு மிஸ் கொடுத்த பட்டியலில் ஓபன் அப் இருக்கிறது. மனம் திறந்து பேசுவது.

வடிவு அக்கா எங்கே இருக்கிறாள் என்று எனக்குத் தெரியாது. இந்த நோட்டிலும் அப்படித்தான் எழுதிவைக்கிறேன்.